மேய்ச்சல் நிலத்துத் தோல்

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகும் சாலையில், புளியமரங்களுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பழைய தோல் ஃபேக்டரிக்குள் கன்டெய்னர் லாரி நுழைந்தபோது காலை டீ நேரம். கிளாசைக் கையில் பிடித்தபடியே ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்ததும், பாதி பதப்பட்ட மாட்டுத் தோல்கள் ஈரமாக, வெளிர் நீல நிறத்தில், மடித்து அடுக்கப்பட்டிருந்தன. அதில் புதிதாக ஒன்றுமில்லை. வெளிநாட்டிலிருந்து நீலத்தோல் வருவதும், அதற்கு நிறமும் மினுக்கும் ஏற்றித் திருப்பி அனுப்புவதும் இந்தப் பக்கத்து ஃபேக்டரிகளின் அன்றாட வேலை.

வாசனைதான் புதிது.

நீலத்தோலுக்கு ஒரு புளித்த ஆசிட் நெடி உண்டு. மூக்கு பழகிவிட்டால் அது தெரியவே தெரியாது. இந்தப் பெட்டியிலிருந்து வந்ததோ மழைக்குப் பிறகு அறுத்த பச்சைப் புல்லின் மணம். சவுரியம்மாள் அதை ஆசையோடு இழுத்தாள். இழுத்த பிறகுதான் அடியில் வேறொன்று இருப்பது தெரிந்தது. இனிப்பாக, கனமாக, சாவு வீட்டில் எடுத்துப் போட மறந்த மாலையின் நாற்றம்.

"இன்னாய்யா இது, மாட்டோட சேத்து காட்டையும் அனுப்பிட்டானுங்களா?" என்றாள் பக்கத்தில் நின்ற கணவனிடம்.

"அடுத்த பெட்டியில மாட்டுக்காரன் வருவான். டீ சொல்லி வை" என்றான் அந்தோணி.

இருவருக்கும் ஒரே கூடத்தில் வேலை. காய்ந்த தோல்களைப் பார்த்துத் தரம் பிரிப்பது சவுரி. முள்வேலி கிழித்தது, உண்ணி கடித்தது, இன்னொரு மாடு கொம்பால் குத்தியது, சாட்டையடி, சூடு எல்லாமே ஆறி மயிர் மூடிய பிறகும் தோலில் இருக்கும். சவுரி உள்ளங்கையை வைத்துத் தடவினால் போதும், இன்ன காயம் என்று சொல்லிவிடுவாள். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவாள். வட்டம் போட்ட தோல், கூடத்தின் கோடியில் இருக்கும் பஃபிங் அறைக்குப் போகும். அங்கே அந்தோணி, மணல்தாள் சுற்றிய உருளைக்குள் தோலைக் கொடுத்துக் காயத்தைத் தேய்த்து மாவாக்கிவிடுவான். அதன்மேல் பெயின்ட் அடித்து, சூடான இரும்புப் பிளேட்டை வைத்து அழுத்தினால் புதுத் தோலே வந்துவிடும். இதற்குக் கரெக்‌ஷன் என்று பெயர்.

அந்தோணிக்கு அந்த மெஷின் ஒரு தழும்பு கொடுத்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இடது கட்டைவிரலின் அடியை உருளை இழுத்துவிட்டது. தையல் போட்ட இடம் கோழிக்கால் மாதிரி மூன்றாகப் பிரிந்து ஆறியிருந்தது. ஈரத்தோல் சுமந்து சுமந்து இடது தோளும் சற்று இறங்கிப் போயிருந்தது. கூட்டத்தில் முதுகைப் பார்த்தே சவுரி அவனைக் கண்டுபிடித்துவிடுவாள்.

அன்று மத்தியானம் சின்ன முதலாளி தௌசீப் அகமது அழுத்து மெஷினுக்கான புதுப் பிளேட்டைக் கொண்டுவந்து காட்டினான். இரும்பில் ஓர் ஆளின் முகம். ராணுவத் தொப்பி, அடர்ந்த புருவம், சட்டை நிறைய மெடல்.

"யாரு தம்பி, ஆர்டர் குடுத்த பையரோட அப்பாவா?" என்று கேட்டாள் சவுரி.

"இல்லக்கா. அவங்க நாட்டு ஜெனரல். செத்துட்டாரு. பெருசா விழா எடுக்கறாங்க. பெல்ட்டு, பர்ஸு எல்லாத்துலயும் இந்த மூஞ்சி வரணும்."

"பல்லு வலி வந்தவன் மாதிரி இருக்கான்" என்றான் அந்தோணி. "பர்ஸைத் தொறந்தா இவன் முறைப்பான். எவன் துணிஞ்சு செலவு பண்ணுவான்?"

தௌசீப்புக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "தோலுகூட அவங்களே அனுப்பிட்டாங்கண்ணா. ஜெனரல் ஜெயிச்ச எடத்துல மேஞ்ச மாடுங்களாம். வேற தோலு தொடக்கூடாதுன்னுட்டாங்க."

தோல்கள் டிரம்மில் சுழன்று, காய்ந்து, விறைத்து சவுரியின் மேஜைக்கு வந்தன. முதல் தோலை விரித்துக் கையை வைத்தாள். முன்னங்கால்கள் இரண்டிலும் கம்பியால் இறுக்கிக் கட்டிய வளையம். முதுகின் நடுவே, வரிவரியாகப் பள்ளம் விழுந்த ஒரு பூட்ஸ் தடம். கழுத்தில் பிடரிக்குக் கீழே ஒரு சின்ன வட்டம், சுருங்கி, உள்ளிழுத்துக்கொண்ட தொப்புள் மாதிரி.

இரண்டாவது தோலை விரித்தாள். அதே இடங்களில் அதே மூன்று தடங்கள்.

மூன்றாவதிலும்.

தோல்கட்டுக்குள் எங்கெங்கோ உருவி எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் இருந்தன. எல்லாமே ஆறிய காயங்கள். அதுதான் அவள் கையைக் கூசச் செய்தது. கழுத்தில் குண்டு பாய்ந்த மாடு, காயம் ஆறும்வரை எப்படி உயிரோடு இருந்திருக்கும்?

தௌசீப்பைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் குனிந்து தொட்டுப் பார்த்தான். வெளிநாட்டில் தோல் படிப்பு படித்தவன். அவனுக்கும் தெரிந்தது என்பதை அவன் விரலை எடுத்த வேகமே சொன்னது.

"அக்கா, பேஜார் பண்ணாத. காயம் இருந்தா வட்டம் போடு. அண்ணன் தேச்சுடுவாரு. எப்பவும் பண்றதுதானே?"

சவுரி வட்டம் போட்டாள். கால்களிலும் முதுகிலும் மட்டும் போட்டாள். கழுத்துப் பகுதி பர்ஸுக்கு ஆகாது, வெட்டும்போது கழிந்துவிடும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசையில் நன்மை அப்பம் வாங்க அந்தோணி கைகளை நீட்டியபோதுதான் அவள் பார்த்தாள். இரண்டு மணிக்கட்டிலும் சிவந்த வளையம். கயிறு கட்டிய தடம் போல அகலமாக இல்லை. மெல்லிசாக, ஆழமாக, முறுக்கிய கம்பியின் புரிகள்கூடத் தெரியும்படி இருந்தது.

"இன்னாய்யா இது?"

"கெமிக்கல் அரிப்புடி. எனக்கு இன்னா புதுசா?"

தோல் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்களுக்குக் கையில் புண் வருவது சகஜம்தான். அவளும் நம்ப விரும்பினாள். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். எண்ணெய் பட்டதும் அவன் முகம் சுருங்கியது. "எரியலடி. யாரோ இறுக்கற மாதிரி இருக்குது" என்றான், விளையாட்டாகச் சொல்வது போல.

மறுநாள் முற்றத்தில் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது முதுகு தேய்க்கப் போனவள் சோப்பைத் தவறவிட்டாள். முதுகின் நடுவே பூட்ஸ் தடம். வரிவரியாக, கருஞ்சிவப்பாக, குதிகால் பள்ளம் மற்றதைவிட ஆழமாக. அந்த வரிகளை அவள் கண்ணாடிபோலத் தேய்ந்த தன் மேஜைமேல் ஒரு வாரமாகத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது மனப்பாடம்.

அவள் வட்டம் போட்டாள். அவன் அழித்தான். அழித்தது எங்கேயும் போகவில்லை.

அவன் பிடரியை ஈரக்கையால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. அங்கே இன்னும் ஒன்றுமில்லை.

அன்றே தௌசீப்பின் அறைக்குப் போனாள்.

"தம்பி, அந்த ஜெனரல் யாரு? ஒழுங்கா சொல்லு."

அவன் பேனாவை மேஜைமேல் உருட்டினான். "அது பழைய சண்டைக்கா. ஒரு பள்ளத்தாக்குல வேற சாதி ஜனங்க இருந்தாங்க. ஆம்பளைங்கள எல்லாம் மேய்ச்சல் காட்டுக்குக் கூட்டினு போய், கைய கம்பியால கட்டி, மண்டி போட வெச்சு…" அவன் தன் பிடரியைத் தொட்டுக் காட்டினான். "பெரிய கோர்ட்டுல ஜெனரலுக்குத் தண்டனை குடுத்தாங்க. ஜெயில்லதான் செத்தாரு."

"பொதைச்ச எடம்?"

"மேல புல்லு போட்டு மாடு விட்டுட்டாங்களாம். ஆனா பையர் அப்படி எதுவுமே நடக்கலன்றாரு. அவரு அந்தப் பள்ளத்தாக்குலதான் பொறந்தவரு. அங்க மாடு தவிர வேற எதுவும் இருந்ததே இல்லயாம்."

"எதுவுமே நடக்கலனா, எத ஜெயிச்சதுக்கு விழா எடுக்கறாங்க?"

தௌசீப் போனை எடுத்துப் பார்த்தான். அது அடிக்கவில்லை. "இந்த ஆர்டர் இல்லனா ஃபேக்டரிய மூடணும்கா" என்றான்.

புதன்கிழமை பையர் நேரில் வந்தான். உயரமான, மெதுவாகப் பேசுகிற ஆள். கோட்டில் ஜெனரல் முகம் போட்ட சின்ன ஊசி. மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் இருந்த வெளிறிய கண்களைப் பார்த்து ஆட்கள் அவனுக்குப் பூனைக்கண்ணன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எல்லோருக்கும் வணக்கம் சொன்னான். சவுரியின் மேஜையைப் பாராட்டினான். பிறகு அழுத்து மெஷினுக்குப் போய், அந்த நிலத்துத் தோலில் ஒரு விரல் அளவுகூட வீணாகக் கூடாது, கழுத்துப் பகுதியையும் போட்டுக் காட்டுங்கள் என்றான்.

பிளேட் இறங்கி ஏறியது. தோலில் ஜெனரலின் முகம் பளபளத்தது. தொப்பி, புருவம், மெடல்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நெற்றியின் நடுவில், பெயின்ட்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன வட்டம் சுருங்கிக்கொண்டு மேலே வந்தது.

அந்தோணி ஒருவன்தான் சிரித்தான். "சாமி, பல்லு வலி தலைக்கேறிடுச்சு."

பூனைக்கண்ணன் சிரிக்கவில்லை. வேறொரு தோலைப் போடச் சொன்னான். அதிலும் நெற்றி சுருங்கியது. அவன் கைக்குட்டையால் அதை அழுத்தித் துடைத்தான். துடைக்கத் துடைக்கக் குழி ஆழமானது. கடைசியில் தௌசீப்பிடம் குரலை உயர்த்தாமல் ஏதோ சொன்னான். சனிக்கிழமை சரக்கு கப்பலுக்குப் போயாக வேண்டும். அதற்குள் எல்லாத் தோலிலும் கழுத்தைத் தேய்த்துவிட வேண்டும்.

இங்கே ஃபேக்டரிகளுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. மத்தியானம் பெரிய தொழுகை. அன்று மெஷின் ஓட்டினால் ஊரே கேட்கும், பெரிய முதலாளி காதுக்கும் போகும். அதனால் தகர ஜன்னல்களை மூடிவிட்டு, வாசலைப் பூட்டிவிட்டு, அந்தோணி மட்டும் வந்து முடித்துக் கொடுக்கட்டும் என்று தௌசீப் கேட்டான். முடித்தால் பஃபிங் ஃபோர்மேன்.

வீட்டில் சவுரி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "போவாதய்யா. கைல வந்துச்சு, முதுகுல வந்துச்சு. இன்னும் கழுத்துதான் பாக்கி."

"தோலுல இருக்கறது மனுஷன் மேல வருமாடி?"

"உன் கைய பாத்து சொல்லு."

அவன் கைகளைப் பார்த்தான். பிறகு முழுக்கைச் சட்டையின் பட்டனைப் போட்டுக்கொண்டான். "சரி, போவல. போதுமா?"

வெள்ளிக்கிழமை வெயில் ஏறியதும் எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். "பிரியாணி வாங்கினு வர்றேன். சோறு வடிக்காத." போகும்போது கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான்.

கடை தெருமுனையில்தான். வெகுநேரமாகியும் அவன் வரவில்லை. மசூதியில் பாங்கு சொல்லும்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

ஃபேக்டரி வாசலில் பெரிய பூட்டு. வாட்ச்மேன் ஹம்மாத் பாயும் தொழுகைக்குப் போயிருந்தார். சுவரைச் சுற்றிக்கொண்டு, கழிவுநீர் போகும் வாய்க்கால் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக உள்ளே நுழைந்தாள். வெளியே கண்ணைக் குத்தும் வெயில். கூடத்துக்குள் கையை நீட்டினால் தெரியாத இருட்டு. தகர ஜன்னல்களின் ஆணி ஓட்டைகள் வழியே ஊசி ஊசியாக வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

பஃபிங் அறைக்கு வெளியே ஆணியில் தூக்கு தொங்கியது.

காலியாக.

உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அதற்குள் கரண்ட் போய்விட்டது. கதவிடுக்கில் தெரிந்த பல்பு வெளிச்சமும் அணைந்தது. மெஷின் இழுத்துக்கொண்டே போய் நின்றது.

தேய்க்கிற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"அந்தோணி."

அறுத்த புல்லின் மணம் தொண்டைவரை வந்தது. அடியில் அந்த இனிப்பு நாற்றம்.

கதவைத் தள்ளினாள். அறை முழுக்கத் தோல்மாவு மிதந்தது. அவன் தேய்த்ததெல்லாம், சாம்பலாக, மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்ச ஊசிகளுக்குள் அது தரையில் படியவில்லை. தரைக்கு மேலேயே எதன்மீதோ படிந்தது.

தலைகள்.

தோள்கள்.

பின்னால் சேர்த்துக் கட்டிய கைகள்.

மாவு விழ விழ ஆட்கள் தெரிந்தார்கள். சுவரோரமாக வரிசையாக மண்டியிட்டிருந்தார்கள். கிழவர்கள், மீசை முளைக்காதவர்கள், தலைப்பாகை அவிழ்ந்தவர்கள். முகங்களில் கண்ணும் வாயும் இல்லை, குழிகளில் மட்டும் மாவு தங்கியிருந்தது. வரிசை சுவரோடு முடியவில்லை. சுவர் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் பச்சையான ஏதோ ஒரு வெளிக்குள் போய்க்கொண்டே இருந்தது.

இந்தப் பக்கத்துக் கடைசி ஆள் அந்தோணி.

அவன் மேலும் மாவு படிந்திருந்தது. அவனும் மண்டியிட்டிருந்தான். கைகள் பின்னால் சேர்ந்திருந்தன. கட்டு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் மணிக்கட்டிலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"சவுரி, கிட்ட வராத" என்று கிசுகிசுத்தான். "என்னால திரும்ப முடியல."

வரிசையின் மறுகோடியிலிருந்து பூட்ஸ் சத்தம் வந்தது. அவசரமில்லாத நடை. காற்றில் மாவு விலகி ஒரு தொப்பியின் வடிவம் உண்டானது. ஓர் ஆளின் பின்னால் நின்றது.

டம்.

அழுத்து மெஷினின் பிளேட் விழுகிற மாதிரி சத்தம். கரண்ட் இல்லாத மெஷின். ஒரு தலை முன்னால் மடிந்தது. பின்பக்கச் சுவரில் சொதசொதவென்று எதுவோ தெறித்து வழிந்தது.

இரண்டடி நடை.

டம்.

அப்போதுதான் சவுரி பூனைக்கண்ணனைப் பார்த்தாள். அறையின் நடுவில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவன் மேல் ஒரு துளி மாவு இல்லை. அவன் எதையும் பார்க்காதவன் போலத்தான் நின்றான். ஆனால் பூட்ஸ் சத்தம் அவன் பக்கம் வந்ததும், மரியாதையாக ஒரு பக்கம் ஒதுங்கி வழிவிட்டான்.

சவுரி பாய்ந்து அந்தோணியின் பின்னால் விழுந்தாள். அவன் மணிக்கட்டைத் தடவினாள். கம்பி இருந்தது. கண்ணுக்குத் தெரியாத, குளிர்ந்த, முறுக்கிய கம்பி. முனையைத் தேடிப் பிரித்தாள். விரல்கள் கிழிந்தன. ஒரு சுற்று பிரிந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். உதடு கிழிந்து வாய் உப்புக் கரித்தது. இன்னொரு சுற்று பிரிந்தது. அவன் இடது கை அசைந்தது. கோழிக்கால் தழும்பு அவள் கன்னத்தில் பட்டது.

டம்.

டம்.

பூட்ஸ் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"சோறு வடிச்சியா?" என்றான் அந்தோணி. அவன் குரலில் பயமில்லை, களைப்புதான் இருந்தது.

அவள் தன் கையைத் தூக்கி அவன் பிடரியை மூடினாள். அந்தக் கையை யாரோ, மேஜைமேல் கிடக்கும் தூசியைத் தட்டுவது போல, அலட்சியமாக விலக்கினார்கள்.

டம்.

சூடாக அவள் முகமெல்லாம் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது அவன் தலை அவள் மடியில் இருந்தது. பிடரியில் சின்ன வட்டம். முன்பக்கம் அப்படி இல்லை. முன்பக்கத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

பூனைக்கண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தான். அவளைப் பார்த்து, ஒரு குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில் ஒரே சொல் சொன்னான். அந்த இங்கிலீஷ் அவளுக்கும் தெரியும்.

"நத்திங்."

கண் விழித்தபோது வீட்டில் பாயில் கிடந்தாள். பக்கத்து வீட்டு ஷர்மிளா ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சேலை மாற்றப்பட்டிருந்தது. முகம் சுத்தமாக இருந்தது. விரல்களில் கட்டு.

"ஜொரத்துல மயங்கி விழுந்துட்டக்கா. அருவாமணை மேல கைய ஊணிட்ட."

"அவரு எங்க?"

ஷர்மிளா அழ ஆரம்பித்தாள். ஜோலார்பேட்டை போகிற ரயில் பாதையில் கிடந்தானாம். கழுத்தில் ஏறிவிட்டதாம். தலை இருந்த இடமே தெரியவில்லையாம்.

"அவரு ஃபேக்டரிலதான் இருந்தாரு. நான் பாத்தேன்."

"ஃபேக்டரி லீவுக்கா இன்னைக்கு. அண்ணன் பிரியாணி வாங்கினு வந்து வெச்சுட்டுதான் வெளிய போச்சு. அங்க பாரு."

அடுப்பு மேடையில் எவர்சில்வர் தூக்கு இருந்தது. சவுரி எழுந்து போய் மூடியைத் திறந்தாள். பிரியாணியிலிருந்து ஆவி வந்தது. வெளிப்பக்கம் யாரோ நன்றாகக் கழுவித் துடைத்திருந்தார்கள். மூடியின் விளிம்பில், துணி எட்டாத மடிப்புக்குள், சாம்பல் நிறத்தில் தோல்மாவு.

சவப்பெட்டியைத் திறக்காமலே அடக்கம் செய்யச் சொன்னார்கள். அவள் திறக்க வைத்தாள். சொன்னது சரிதான், கழுத்தே இல்லை. தேய்த்து எடுத்தாயிற்று. ஆனால் யாரோ அவசரத்தில் கைகளை மறந்துவிட்டிருந்தார்கள். இரண்டு மணிக்கட்டிலும் கம்பி வளையம் அப்படியே இருந்தது. அவள் குனிந்து இரண்டிலும் முத்தமிட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவன் உள்ளே இருந்தான் என்று இன்னொரு வாய் சொல்ல வேண்டும்.

போலீஸ் ஸ்டேஷனில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டார்கள்.

"வெள்ளிக்கிழமை ஃபேக்டரி லீவு சார்" என்றான் தௌசீப். கண்கள் வீங்கியிருந்தன. "உள்ள யாருமே இல்ல."

சொல்லி முடித்தவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். அங்கே மெல்லிசாக ஒரு சிவப்பு வளையம்.

"பூட்டின பூட்டு பூட்டினபடியே இருந்துச்சு. உள்ள யாருமில்ல" என்றார் ஹம்மாத் பாய். அவர் ஜிப்பாக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அண்ணன் அன்னைக்கு வேலைக்குப் போவல சார்" என்றாள் ஷர்மிளா, தரையைப் பார்த்துக்கொண்டு. அவள் கண்ணாடி வளையல்களுக்குள் இன்னொரு வளையல் சிவப்பாக ஏறியதை சவுரி பார்த்தாள்.

"நீ இன்னாம்மா சொல்ற?" என்று கேட்டார் ஸ்டேஷன்காரர். "ஜொரத்துல இருந்தியாமே?"

சவுரி தன் கைகளைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தன. எல்லோரும் சொன்னதையே சொல்லிவிட்டால் இந்த ஊரில் இருக்கலாம்.

"உள்ளதான் இருந்தாரு" என்றாள். "என் மடியில செத்தாரு. அந்த வெள்ளைக்காரன் பாத்துனு நின்னான். தௌசீப் தம்பிக்குத் தெரியும்."

தௌசீப் தலையைக் குனிந்துகொண்டான். ஸ்டேஷன்காரர் பேனாவை மூடி வைத்தார். "அப்படி எதுவும் நடக்கலம்மா. போய் ரெஸ்ட் எடு." சொல்லும்போதே அவர் கை தானாகவே போய் மணிக்கட்டைச் சொறிந்தது.

சரக்கு கப்பலேறிப் போய்விட்டது. சவுரி ஃபேக்டரிக்குத் திரும்பவில்லை. ஊரில் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோடையில் ஆம்பூர் ஆட்கள் நிறையப் பேர் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார்கள். தௌசீப் பேச்சின் நடுவே திடீரென்று நின்று பின்னால் திரும்பிப் பார்க்கிறான், அடிக்கடி பிடரியைத் தடவிக்கொள்கிறான் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள்.

சவுரி, வேலூரில் செருப்புத் தைக்கும் வேலை கிடைத்து அங்கேயே போய்விட்டாள். ஒரு நாள் சாயங்காலம், வெயில் இன்னும் சாயாதபோது, லாங் பஜாரில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தவளை ஒரு வாசனை நிறுத்தியது. அறுத்த புல்.

பெல்ட்டும் பர்ஸும் பரப்பிய தள்ளுவண்டி. ஏற்றுமதியில் கழித்த சரக்கு இப்படித்தான் இங்கே வந்து சேரும். ஒரு பர்ஸை எடுத்தாள். தொப்பி, புருவம், மெடல்கள். நெற்றியில் குழி. அதோடு, ஜெனரலின் வாய்க்குக் குறுக்காக, புதிதாக ஒன்று. மூன்றாகப் பிரிந்து ஆறிய ஒரு தழும்பு.

கோழிக்கால்.

அடுத்த பர்ஸை எடுத்தாள். அடுத்ததை. எல்லாவற்றிலும் அதே இடத்தில் இருந்தது. கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள். தோல் வெதுவெதுப்பாக இருந்தது.

"டேமேஜ் பீஸுக்கா, அதான் கம்மி" என்றான் வண்டிக்காரன். "பாலிஷ் போட்டா மறையுது, காலைல பாத்தா திரும்ப வந்துடுது. கப்பல்ல போனதெல்லாம்கூட இப்படித்தானாம். விழாவுல கட்டினு நின்னவங்க பெல்ட்டுலயே வந்துச்சாம். இன்னா கெமிக்கலோ. வேணுமா?"

"வேணாம். இங்கயே இருக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

"பாத்துட்டு வாங்காம போனா எனக்கு இன்னா லாபம்?" என்று சொல்லிக்கொண்டே துணியை எடுத்துச் சரக்கின்மேல் ஓங்கித் தட்டினான். தூசி எழுந்தது. ஒரு வண்டிக்கு இருக்க வேண்டியதைவிட மிக அதிகமான தூசி, சாம்பல் நிறத்தில், சாயங்கால வெயிலில் மிதந்து, மெதுவாக இறங்கியது.

தரைக்கு வரவில்லை.

தெருவில் ஸ்கூட்டர்களும் கைவண்டிகளும் எதையோ சுற்றிக்கொண்டு போவதை அவள் அப்போதுதான் கவனித்தாள். யாரும் இடித்துக்கொள்ளவில்லை. நெரிசலின் நடுவே ஒரு நீளமான இடைவெளி, கோட்டைப் பக்கம்வரை காலியாக இருந்தது. தூசி அதற்குள்தான் படிந்துகொண்டிருந்தது. தலைகள், தோள்கள். அவர்கள் மண்டியிட்டிருக்கவில்லை. நின்றார்கள். கைகள் பக்கவாட்டில் தொங்கின.

வரிசையின் இந்தப் பக்கத்துக் கடைசி ஆளுக்கு இடது தோள் சற்று இறங்கியிருந்தது.